மாப்பிள்ளைக்கு ஒரு டமாஸ்கஸ் கத்தி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம், என் வலது புருவம் நீங்கலாக. அது முளைத்துக்கொண்டிருக்கிறது. அங்கு உங்கள் நலத்தையும் பாப்பாவின் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

மூன்று வருடம் முன்பு நம் வீட்டுக் கூடத்தில், உங்கள் காதில் விழும்படியாகவே, "வெங்காயம் நறுக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. போன மாதம் பாப்பா போனில், ஓட்டலில் நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் கத்தி உடைந்துவிட்டதென்றும், வேறெதுவும் கைக்கு ஒத்துவரவில்லையென்றும் சொன்னாள். கடையில் வாங்கி அனுப்பினால் அது வெறும் கத்தி, நானே செய்து அனுப்பினால்தான் மன்னிப்பு கேட்டதாகும் என்று தோன்றியது. முப்பத்தெட்டு வருடம் பல் பிடுங்கியவனுக்கு ஒரு கத்தி செய்வது என்ன பெரிய காரியம் என்றும் தோன்றியது, அங்கேதான் சறுக்கினேன்.

லாரி பட்டறைச் சந்தில் ஒரு பெண்மணி உலை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் வெல்டிங் அக்கா. என் மகள் வயதுதான், இருந்தும் இரண்டாம் நாளே நானும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றிப் பதினைந்து அடுக்கி, ஓரத்தைப் பற்றவைத்து, வெண்காரம் தூவி, மஞ்சளாகக் காய்ச்சி அடித்தால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடுமாம், கடைசியில் அமிலத்தில் முக்கினால் அடுக்குகள் அலை அலையாகத் தெரியுமாம், அதுதான் டமாஸ்கஸ். நான் பழக்கதோஷத்தில் உலையின் வாய்க்குள் குனிந்து பார்த்தேன். புருவம் போனது. போகட்டுமென்று சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டதில், பதினைந்து தகடும் புத்தகம் மாதிரி விரிந்துகொண்டது.

"மொதல்ல மெதுவா தட்டணும் டாக்டர், ஒட்டினப்புறம்தான் ஓங்கி அடிக்கலாம். நீங்க ஒட்டறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டீங்க" என்றார் அக்கா. அவர் இரும்பைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்தது.

இரண்டாவது கட்டி ஒட்டியது, அதைக் கத்தியாக அடித்து நீட்டினேன். கத்தியும் கைப்பிடியும் சேருகிற இடத்தில் இரும்பில் ஒரு கழுத்துப்பட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும், பல்லுக்கு ஈறு மாதிரி. அதை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து, முகமூடியை இறக்கிக்கொண்டு ஒரே மூச்சில் பற்றவைத்தேன். நிமிர்ந்தால், பிடித்திருந்த இடுக்கியும் சேர்ந்து ஒட்டியிருந்தது. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு இடுக்கியோடவே குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அறுத்து, ராவி, மறுபடி பற்றவைத்தேன். இப்போதும் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது தீ ஆளுயரம் எழும்பியது. பயத்தில் நான் கத்தியைப் பார்த்து, "வாய் கொப்பளிச்சுத் துப்புங்க" என்றேனாம். பட்டறையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறகு விறைப்பு தணிய இளஞ்சூட்டில் வைக்க வேண்டுமென்று அத்தையின் கேக் அடுப்பில் வைத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, கத்தியை வேகவச்சிருக்கீங்க?" என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் வேகணும்" என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அமிலத்திலிருந்து எடுத்து, கழுவி, அந்த அலைகளைக் காட்டியபோது அவரே கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு கத்தி செய்யவே எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் இருநூறு பேருக்குப் பசியாற்றுகிறவரை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது. கத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதற்காக நீங்கள் வர வேண்டியதில்லை, பதிலும் எழுத வேண்டாம். கைக்கு ஒத்துவந்தால் அதுவே போதும்.

நீங்களும் பாப்பாவும் பல்லும் பசியும் குறையாமல் பல்லாண்டு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இத்துடன் அனுப்பியிருக்கிறேன் என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். பெட்டியில் வைக்கப் போனால் கத்தியைக் காணோம். சமையலறையில் உங்கள் அத்தை அதை வைத்துத் தக்காளி நறுக்கிக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு, "இது பார்சல்லலாம் போகாது. மாப்பிள்ளைக்கு வேணும்னா நேர்ல வந்து, உக்காந்து சாப்பிட்டு, வாங்கிட்டுப் போகட்டும்" என்கிறார். நான் ரொம்ப வற்புறுத்தவில்லை.