மேஜர் மண்டியிட்ட மதியம்

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது என் மனைவிக்குத் தெரியாமல் செய்து முடித்துவிடுவது என்று நான் சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறைக் கண்ணாடி. முகம் முழுக்கச் சோப்பு நுரை. எங்கள் வீட்டில் சபதம் எடுக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. அங்கேதான் தாழ்ப்பாள் இருக்கிறது.

நான் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். மேஜர் என்றதும் துப்பாக்கி, தோட்டா, புகை என்று உங்கள் கற்பனையை ஓடவிட வேண்டாம். நான் இருந்தது சப்ளைப் பிரிவு. எதிரியை நான் நேரில் பார்த்ததில்லை. எதிரியைப் பார்க்கப் போனவர்களுக்குச் சாக்ஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் ஜெயித்துத் திரும்பியதற்குக் கால் சூடாக இருந்ததுதான் காரணம் என்பது என் கட்சி.

"ஆமாமா, சாக்ஸ் நாத்தத்துலயே எதிரி ஓடியிருப்பான்" என்பது என் மனைவியின் கட்சி.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின், கழுத்தில் எந்நேரமும் அளவு டேப், வாயில் குண்டூசி. தெருவில் பாதிப் பேரின் இடுப்பு ரகசியம் அவள் கையில். அதனால் அவளிடம் எவரும் வாலாட்டுவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. பட்டாளம் இல்லாத அதிகாரி என்ன செய்வான்? வீட்டைப் பட்டாளமாக்கினேன். அவளுடைய நூல்கண்டுகளைப் பதவி வாரியாக அடுக்கினேன். பொத்தான்களை அணிவகுக்க வைத்தேன். அடுப்படி டப்பாக்களை உயர வரிசையில் நிற்க வைத்து, தினமும் காலையில் பார்வையிட்டேன். அவள் குண்டூசியைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், அவ்வளவுதான். அவள் பேசாமல் இருந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனைப் பங்களாவில் ஒரு சினிமாப் படப்பிடிப்பு ஆரம்பித்தது. குதிரை வண்டியும் வாளும் இருந்த காலத்துக் கதை. ஒரு வயதான கர்னல். அவர் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கடைசிவரை திரும்பி வரமாட்டாள். அந்த இடமே எனக்குப் பிடித்திருந்தது. எதிர்வீட்டுக்கு ஒரு இளம் பியானோ டீச்சர் குடிவருகிறாள். கர்னல் காதலில் விழுகிறார். காதலைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் குதிரை தும்மும், அல்லது வாள் நிலைப்படியில் மாட்டும். சிரிப்புப் படம்.

கர்னலாக நடித்தவர் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பில் கட்டுப் போட்டுக்கொண்டார். குதிரை அப்போது சும்மா நின்றுகொண்டிருந்தது என்கிறார்கள். மறுநாளே டைரக்டர் என் வீட்டு வாசலில் நின்றார். என் மனைவி துணி கொடுக்க வெளியே போயிருந்த நேரம்.

"சார், உங்க மீசைக்குள்ள ஒரு கர்னல் ஒளிஞ்சிருக்கார்" என்றார்.

நிஜத்தில் தராத பதவி உயர்வைச் சினிமா தருகிறது. அது ஒரு பக்கம். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பார்த்து நிமிர்ந்து நின்றது எங்கள் வீட்டுத் துடைப்பம் மட்டும்தான். இனி ஒரு பெண், அதுவும் பியானோ வாசிக்கும் பெண், என்னைப் பார்த்துக் கண்ணை விரிக்கப் போகிறாள். நான் ஒப்புக்கொண்டேன். சபதமும் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே விசாரணை ஆரம்பித்தது.

"சினிமாக்காரங்க வந்தாங்களாமே?"

"ஆமா. ஆலோசகரா வரச் சொல்றாங்க. சல்யூட் எப்படி அடிக்கறது, வாளை எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிக் கொடுக்கணும்."

"நீங்க வாள் பிடிச்சிருக்கீங்களா?"

"வாங்கிக் கொடுத்திருக்கேன்."

"என்ன படம்?"

"போர்ப் படம். முழுக்க முழுக்கப் போர்."

"பொம்பளைங்க?"

"மருந்துக்குக்கூடக் கிடையாது."

"ஐயோ, ஒரு நர்ஸ்கூடவா இல்ல?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன்.

"போருக்கு எதுக்குங்க மை?"

"எதிரிக்கு நம்ம வயசு தெரியக் கூடாது."

"அந்த மூட்டுச் சத்தத்தை எப்படி மறைப்பீங்க?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ராணுவத்தில் பயிற்சி தருவதில்லை.

வசனம் மனப்பாடம் பண்ணுவதுதான் பெரிய பாடு. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைப் பார்த்து ஆரம்பித்தேன். "கண்ணே! உன் அருகில் வந்தாலே என் உடம்பெல்லாம் சூடேறுகிறது! நீ வாய் திறந்தால் என் நெஞ்சு அதிர்கிறது!"

கதவு தட்டப்பட்டது. "யாருங்க உள்ள?"

"நான்தான்."

"அது தெரியுது. கூட யாரு?"

"ஒருத்தரும் இல்ல. நடிகருக்கு வசனம் சொல்லிக் கொடுக்கணும்ல? அதைப் பழகறேன். பீரங்கியைப் பார்த்து ஒரு சிப்பாய் பேசறது."

"பீரங்கியை யாராவது கண்ணேன்னு கூப்பிடுவாங்களா?"

ஆபத்தில்தான் என் மூளை வேலை செய்யும். "கண்ணே இல்ல, கன்னே! இங்கிலீஷ் கன்! சூடேறும்ல? அதிரும்ல? மூணு சுழி இல்ல, ரெண்டு சுழி!"

"உங்க நாக்குல மூணு சுழின்னா விழுது."

"பல் கட்டினதுலேர்ந்து அப்படித்தான்."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவில் எத்தனை சுழி என்று எனக்குத் தெரியவில்லை.

படப்பிடிப்பின் முதல் நாளே என் சிவப்புக் கோட்டின் வயிற்றுப் பொத்தான் தெறித்து, விளக்குப் பிடிப்பவரின் நெற்றியைப் பதம் பார்த்தது. கோட்டைப் பிரித்துத் தைக்க அனுப்பினார்கள். எங்கே அனுப்புவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், கோட்டு என் மனைவியின் மெஷினில் மல்லாந்து கிடக்கிறது.

"இது யாருது?" என்றேன், வழிப்போக்கனைப் போல.

"கர்னலா நடிக்கிறவராம். நல்ல தொந்தி. இடது தோள் கொஞ்சம் இறக்கம். ஒரு வேலையும் செய்யாம ஒரு பக்கமாவே சாஞ்சு உட்கார்ற ஆளு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பாவம், வயசானவரா இருப்பார்."

"வயசு மட்டும்தான் ஆகியிருக்கு."

"கொஞ்சம் தாராளமாவே விடு. அவரும் மூச்சு விடணும்ல?"

"அவர் மூச்சு விடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மனுஷன்னா விடுவான்னு ஒரு ஊகம்தான்."

அவள் டேப்பால் கோட்டின் வயிற்றை அளந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். கோட்டு வந்தது. எனக்கென்றே பிறந்த மாதிரி பொருந்தியது. அப்போதாவது நான் பயந்திருக்க வேண்டும்.

காதல் காட்சி வந்தது. பங்களாத் தோட்டம். கல் பெஞ்சில், தரையைப் பெருக்கும் நீளக் கவுனில் பியானோ டீச்சர். கேமரா ஓடாதபோது அவள் என்னை "அங்கிள்" என்றாள். ஓடும்போது "கர்னல்" என்றாள். அந்தக் கர்னலுக்காக எத்தனை அங்கிளையும் பொறுத்துக்கொள்ளலாம்.

"ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர்.

மண்டியிட்டேன். "கண்ணே!" என்றேன், மூன்று சுழியும் தெளிவாக. சூடேறியது, நெஞ்சு அதிர்ந்தது. அவள் கண்ணை விரித்தாள், கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து நான் எழுந்திருக்க வேண்டும்.

கடக்!

"யாருப்பா அங்க கிளையை உடைக்கிறது?" என்று ஒலிப்பதிவாளர் கத்தினார்.

கிளை இல்லை, என் மூட்டு. அது பூட்டிக்கொண்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டீச்சர் இழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை, அவள்தான் பெஞ்சிலிருந்து நழுவினாள். இன்னும் நான்கு பேர் நான்கு பக்கமும் இழுத்தார்கள். என்னைச் சிலையாக அங்கேயே விட்டுவிடலாமா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"நகருங்க, நகருங்க."

குண்டூசியைக் கடித்துக்கொண்டு பேசும் குரல் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான். உடை அறையிலிருந்து கழுத்து டேப்போடு வந்துகொண்டிருந்தாள். நேராக டீச்சரிடம் போனாள்.

"நீதான் அந்தப் பீரங்கியாம்மா?"

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல, நல்லா இரு." பிறகு என் பின்னால் வந்தாள். கக்கத்தில் இரண்டு கை. முதுகில் ஒரு முழங்கால். "மூச்சை இழுங்க. விடுங்க. ஹூம்!" நின்றுவிட்டேன். "மண்டி போடறதுக்கு முன்னாடி, எந்திரிக்க வருமான்னு யோசிக்க வேணாமா? வீட்ல கீழ விழுந்த பொத்தானை எடுக்கக் குனியறதுக்கே என்னைக் கூப்பிடற ஆளு! சூடேறுதாம்ல? எங்க, நெத்தியைக் காட்டுங்க. ஜில்லுனு இருக்கு!"

படப்பிடிப்பு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கேமரா ஓடிச்சா?" என்றார். ஓடியிருந்தது.

"அம்மா, இதுதான் படம்! கர்னலோட மனைவி பிறந்த வீட்லேர்ந்து திரும்பி வந்துட்டாங்க. நீங்கதான் நடிக்கறீங்க."

"எனக்கு நடிக்க வராது சார்."

"இவ்வளவு நேரம் செஞ்சது?"

"அது குடித்தனம்."

"அதையேதான் செய்யணும்."

வீட்டுக்கு நொண்டிக்கொண்டே நடந்தேன். "நீ எப்போ கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? உங்களைப் போடச் சொன்னதே நான்தானே. அந்தப் படத்துக்குத் துணி தைக்கறதும் நான்தான். மாத்துக்கு ஆள் தேடறேன்னு டைரக்டர் உடை அறையில என்கிட்ட புலம்பினார். மீசை ஒண்ணு வீட்ல சும்மா இருக்கு, நான் இல்லாத நேரமாப் போய்க் கேளுங்கன்னேன். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சாத்தான் நீங்க சரிம்பீங்க."

"எதுக்கு?"

"என் நூல்கண்டெல்லாம் கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும்னுதான்."

அப்புறம் படம் அவளுடையதாகிவிட்டது. திரும்பி வந்த மனைவி கர்னலை உப்புக்காகவும் விறகுக்காகவும் நடக்க வைப்பாள், பியானோ டீச்சருக்கு நல்ல மாப்பிள்ளை பார்ப்பாள், குதிரைக்கே தும்மல் வைத்தியம் பண்ணுவாள். அவளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. எனக்குத்தான் தினம் ஒத்திகை. பியானோ டீச்சரோ, இடைவேளையில் என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கவுனை இடுப்பில் பிடிக்கச் சொல்லி என் மனைவியிடமே போய் உட்கார்ந்துகொள்வாள்.

கடைசிக் காட்சி எடுக்கும் நாள் வந்தது. கர்னல், தோட்டத்தில் மனைவியின் முன்னால் மண்டியிட்டு மனம்விட்டுப் பேச வேண்டும். என் முழங்காலுக்குக் கீழே ஒரு மெத்தைத் துண்டு வைத்தார்கள். வசனம் எழுதுபவர் எழுதியது எதுவும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை.

"சார், உங்க மனசுல இருக்கறதை நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். பட்டுக் கவுன், மேலே தூக்கிக் கட்டிய தலை. வாயில் குண்டூசி இல்லை. குண்டூசி இல்லாமல் அவள் உதட்டைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. கேமரா, விளக்கு, ஆட்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"எனக்குப் பயம்னா பயம்" என்றேன். "மாற்றல் உத்தரவு வந்தா ரெண்டு நாள் பிரிக்காமலே வெச்சிருப்பேன். புது ஊரு, புது ஆளுங்க, புது அதிகாரி. நீ மட்டும் 'எப்போ கிளம்பணும்?'னு கேப்பே. அவ்வளவுதான் கேப்பே. அதுலயே எனக்குத் தைரியம் வந்துடும். இங்க என் நெஞ்சுல குத்தியிருக்கறதெல்லாம் உன் தோள்ல குத்தவேண்டிய பதக்கம்."

அவள் கண் மின்னியது. என் கையில் தட்டினாள்.

"பட்டுத் துணி. ஊசி குத்தினா கிழிஞ்சுடும்" என்றாள், மெதுவாக. பிறகு எழுந்து போய் டைரக்டர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சார், இன்னொரு தடவை" என்றார் டைரக்டர்.

இன்னொரு தடவை சொன்னேன். அவள் கண்ணில் வெயில் பட்டதாம். மறுபடி சொன்னேன். அவள் முடி காற்றில் பறந்ததாம். அப்புறம் பாதி காதில் விழவில்லையாம், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் நான் மண்டியிட்டேன், பயத்தைச் சொன்னேன், பதக்கத்தைத் தூக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவளே கக்கத்தில் கை கொடுத்து என்னை எழுப்பிவிட்டாள். மதியம் போய் வெயிலும் சாய்ந்தது. என் மூட்டு கிளை கிளையாக முறிந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை. எத்தனை அக்கறையாகப் படம் எடுக்கிறார்கள்! என் நடிப்புக்கு எத்தனை மரியாதை!

கடைசியில் "போதும்" என்று அவள்தான் சொன்னாள். நான் நொண்டிக்கொண்டே கேமராமேனிடம் போனேன். அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த டேக் ஓகே ஆச்சு?"

"முதல் டேக்கே ஓகே சார்."

"அப்போ இவ்வளவு நேரம் எடுத்ததெல்லாம்?"

"எங்க எடுத்தோம்? கேமராவை மதியமே மூடிட்டோமே. அம்மாதான், 'நீங்க நிறுத்திக்குங்க, அவரை மட்டும் நிறுத்தாதீங்க'ன்னாங்க."