பச்சைக் கார்க்காரனும் எங்கள் படலையும்

மருதனார்மடம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் தேவராசா எழுதுவது. ஆஞ்சநேயர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அக்காவும் லண்டன் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை எவன் ஒட்டுக்கேட்கிறானோ, யாருக்குத் தெரியும்?

மகள் கஜந்தினிக்கு நீங்கள் பேசிய கொழும்பு மாப்பிள்ளை பகுதி சத்தமில்லாமல் ஊருக்குள் வந்து எங்களைப் பற்றி விசாரிக்கும் என்று சொன்னீர்கள். முப்பத்தொரு வயதில் என் ஒரே பிள்ளைக்கு இப்போதுதான் ஒரு சாதகம் பொருந்தியிருக்கிறது. இதுவும் குழம்பினால் நான் தாங்கமாட்டேன். ஆகவே பத்து நாளாக வாசல் படலையடியில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறேன். நேற்று எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் வந்தது யார் தெரியுமா? பன்னிரண்டு கார்! எல்லாம் தரையோடு தரையாக, வயிறு உரஞ்ச உரஞ்ச வந்தன. ஒழுங்கைப் பள்ளத்தில் முன்னுக்கு வந்த பச்சைக் கார் இறுகி நின்றுவிட்டது. ஒவ்வொரு காருக்குள்ளும் இரண்டே இரண்டு இருக்கை. குடும்பம் உள்ளவன் அப்படி ஒரு கார் வாங்குவானா அத்தான்? பச்சைக் காரில் இருந்து கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக ஒருவன் இறங்கினான். நல்லவன் எதற்கு முகத்தை மறைக்கிறான்?

"நாங்கள் கொழும்பிலை ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற ஆக்களின்ரை சங்கம், ஐயா. தோட்டம், பனை, கடல் எல்லாம் பாத்துக்கொண்டு கீரிமலைக்குப் போறம்" என்றான். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவனுக்கா சங்கத்தைப் பற்றிச் சொல்கிறான்? தோட்டம் பார்க்க வந்தவன் தோட்டத்தை அல்லவா பார்க்க வேண்டும்? இவன் என் வீட்டை அல்லவா எட்டி எட்டிப் பார்த்தான்! "இது ஆரின்ரை வீடு? எத்தினை பேர் இருக்கிறியள்? கிணத்துத் தண்ணி நல்லதோ?" என்று கேள்விமேல் கேள்வி. காணி பிடிக்கிற கூட்டம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

விடுவேனா? "வீடு வழக்கிலை கிடக்கு, தம்பி. கிணறு உப்பு. மகள் கலியாணம் முடிச்சு நோர்வேயிலை, ரெண்டு பிள்ளையள்" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கஜந்தினி செம்பில் தண்ணீரோடு வந்து, "அப்பா, ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டாள். நான் அசரவில்லை. "உது பக்கத்து வீட்டுப் பிள்ளை, தம்பி. எல்லாரையும் அப்பா எண்டுதான் கூப்பிடும்" என்றேன். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான். பன்னிரண்டு கார் நம்பரையும் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படி ஒரு கும்பல் திரிகிறது, கவனமாக வரவும் என்று மாப்பிள்ளை பகுதிக்குத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். வந்து விசாரிக்கட்டும். என்னைப் போல ஒளிவுமறைவில்லாத மனிதன் ஊரில் இல்லை என்பது தெரியவரும்.

அக்காவுக்கு என் அன்பு. ஆஞ்சநேயர் உங்களைக் கைவிடமாட்டார்.

இப்படிக்கு,
தேவராசா

பிற்குறிப்பு: உறையை ஒட்டமுன் கஜந்தினி இதை வாசித்துவிட்டாள். பச்சைக் கார்க்காரன்தானாம் மாப்பிள்ளை சிவகரன். சங்கத்துப் பயணத்தைச் சாட்டி எங்களைப் பார்க்க வந்ததாம். படத்தில் பார்த்த முகம் என்று இவளுக்கு அப்போதே தெரியுமாம். இப்போது பின்வளவில் நின்று அவரோடு அரை மணியாகப் போனில் கதைத்துச் சிரிக்கிறாள். அவருக்குப் பூரண சம்மதமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தான். ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பனோடு வருகிறாராம். நோர்வேப் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்கிவர வேண்டும் என்று கேட்கிறாராம். எல்லாம் சரி. ஆனால் இரண்டு இருக்கைக் காரில் மூன்று பேர் எப்படி வருவார்கள்? எதற்கும் விசாரித்து எழுதவும்.