பதினோராம் பக்கத்துக்கு ஒரு கையெழுத்து

மேடம், நீங்கள் பொய் சொன்னீர்கள். "இந்த நோட்டு உங்களுக்கும் எனக்கும் மட்டும்தாங்க" என்று முதல் வகுப்பில் முப்பது பேர் முன்னால் சொன்னீர்கள். நம்பி எழுதினேன். நம்பியவனை முட்டாள் என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். என் பெண்டாட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

நான் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். சூலூரில் பட்டறை. கருகிய மோட்டாரைப் பிரித்து, புதுக்கம்பி சுற்றி, ஓட வைத்து அனுப்புவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. ஒரு பம்ப் கம்பெனியில் சர்வீஸ் மேற்பார்வையாளர் வேலை கேட்டுப் போனேன். என் கைவேலையைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள், டிகிரி இல்லை என்றதும் மூடிக்கொண்டார்கள். அதற்காகத்தான் கோயம்புத்தூரில் உங்கள் படிப்பில் சேர்ந்தேன். வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு. சனிக்கிழமை வகுப்பு. பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. என்ன படிப்பது என்று நாமே முடிவு செய்து, நம் வேலையை நாமே திரும்பிப் பார்த்து எழுதவேண்டும். (பரீட்சை இல்லாத டிகிரி என்றதும் சிரித்துக்கொண்டே பணம் கட்டினேன். இன்னும் அந்தச் சிரிப்புக்குத்தான் அனுபவிக்கிறேன்.)

எனக்கு எழுதத் தெரிந்தது ஜாப் கார்டு மட்டும்தான். அதையே நோட்டிலும் எழுதினேன். "மோட்டார் வந்தது. கருகியிருந்தது. சரிசெய்யப்பட்டது." நீங்கள் சிவப்பு மையில், "இதில் நீங்கள் எங்கே?" என்று கேட்டீர்கள். நான் அதன் கீழே "சூலூர்" என்று எழுதிக் கொடுத்தேன்.

கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். "நீங்க செஞ்ச தப்பு ஒண்ணைக்கூடக் காணோமுங்களே. இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணுகூடவா இல்லீங்க?"

ரோசம் வந்துவிட்டது. அன்றே உட்கார்ந்து பதினோராம் பக்கத்தை எழுதினேன்.

அதில் இருந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து போர்வெல் மோட்டாரைச் சுற்றிக் கொடுத்தேன். அவசரத்தில் ஒரு காயிலின் முனையை மாற்றி இணைத்து, ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். இறக்கிய அன்றே உறுமிக் கருகியது. பிரித்துப் பார்த்ததும் தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. தோட்டக்காரரிடம் சொன்னது வேறு. "கனெக்ஷன் குடுத்தவன் சரியில்லீங்க. மூணு பேஸ் கரண்ட் வரவேண்டிய எடத்துல ரெண்டு பேஸ்ல ஓட்டிப்போட்டானுங்க."

கனெக்ஷன் கொடுத்தவன் குமரேசன். எலக்ட்ரீஷியன். என் பெண்டாட்டியின் தம்பி. அன்றிலிருந்து அவனுக்கு 'ரெண்டு பேஸ்' என்று பெயர். தோட்டத்து வேலைகள் அவனுக்கு வருவது நின்றது. விருந்துகளில் அந்தப் பெயரைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம், "உங்க வேலையைத் தெரிஞ்ச ஒருத்தரைச் சாட்சியாக் கூட்டிட்டு வாங்க. அவங்க கையெழுத்து இல்லாட்டி சேர்க்கை ரத்து" என்றீர்கள். ஏதோ படிவம் என்று நினைத்தேன். "என் தம்பியக் கூட்டிட்டுப் போங்க. எங்க காட்டுனாலும் போட்டுருவான்" என்றாள் பெண்டாட்டி. எனக்கும் சரியென்று பட்டது.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் என் நோட்டையே தூக்கி அவன் கையில் கொடுத்தீர்கள். கடைசிப் பக்கத்தில் 'முழுவதும் படித்தேன்' என்று அச்சடித்து, கீழே கோடு.

"மாப்ள, சும்மா போட்டுட்டு வா. டீ ஆறுது."

"படிச்சேன்னு போட்டிருக்குதுங்க மச்சான். படிக்காம எப்படீங்க?"

டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியைத் தொட்டவன் இல்லை அவன். அவன்தான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவான் என்று கூட்டிவந்திருக்கிறேன். (எனக்கு டிகிரி எதற்கு? மூளை கிடைத்தால் போதும்.) பக்கத்தைக் கிழிக்கவும் வழியில்லை. ஒவ்வொன்றிலும் எண் போட்டு முத்திரை குத்தியிருந்தீர்கள்.

நாலாம் பக்கத்தில் 'சூலூர்' என்பதைப் பார்த்துச் சிரித்தான். நான் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு.

"மாப்ள, உங்கக்கா போன் பண்றா. என்னன்னு கேளு."

"நான் அப்புறம் பேசிக்கறனுங்க."

ஒன்பது. "இருட்டா இருக்குது, வெளிய போய்ப் படிக்கலாம் வா."

"மத்தியானம் பன்னெண்டு மணிங்க மச்சான்."

பத்து. பதினொன்று.

ஒருமுறை படித்தான். விரலை வைத்து இன்னொரு முறை படித்தான். எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'டேய்' என்றால் பிழைத்தோம்.

"ஏனுங்க மச்சான். அன்னைக்கு மூணு பேஸும் வந்துச்சுங்களா?"

செத்தேன். "வந்துச்சு மாப்ள."

"நான் டெஸ்டர் வெச்சுப் பாத்தனுங்களே. உங்ககிட்டச் சொன்னனுங்களே."

"சொன்னே."

"மூணு வருஷமா எனக்கு என் கை மேலயே சந்தேகமுங்க. ஒரு கனெக்ஷன் குடுத்துட்டு நாலு தடவை திரும்பிப் போய்ப் பாக்கறனுங்க."

முப்பது பேரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். அப்போது நீங்கள் வந்து என்னிடம் கேட்டீர்கள்: "இந்த அனுபவத்துல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

"எதையும் எழுதக்கூடாதுன்னு கத்துக்கிட்டேனுங்க!" என்று கத்திவிட்டேன்.

குமரேசன் பேனாவை மூடினான். "அந்தியூர்த் தோட்டத்துல போய்ப் போடறனுங்க."

நீங்கள் ஒரு வாரம் தவணை கொடுத்தீர்கள். அவன் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே தோட்டக்காரர் வாசலில் என்னை நிற்கவைத்தான். அவர், அவர் வீட்டம்மா, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர். பதினோராம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். குரல் கம்மிய இடத்தில் குமரேசன், "கேக்கலீங்க மச்சான்" என்றான். மறுபடியும் படித்தேன்.

தோட்டக்காரர் வீட்டம்மாவிடம் திரும்பி, "அம்மணி, குமரேசனுக்கு ஒரு காப்பி" என்றார். ஒரு காப்பிதான்.

அவன் அதைக் குடித்து முடித்து, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் நோட்டை வைத்தான். பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

இப்போது சொந்தத்தில் எனக்குப் பெயர் 'பதினோராம் பக்கம்'. என் மகளே என் நம்பரை அப்படித்தான் போனில் வைத்திருக்கிறாள். யார் வீட்டில் மிக்ஸி கருகினாலும், "பதினோராம் பக்கத்துகிட்டக் குடுத்தா, கரண்ட் மேல பழி போட்டுருவாரு" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். என் தப்புக்கு நான் வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் இன்னும் சொல்லவில்லை. நமக்குள் மட்டும் என்று சொன்ன நோட்டை அவன் கையில் ஏன் கொடுத்தீர்கள்? வருகிற சனிக்கிழமை அதே முப்பது பேர் முன்னால் சொல்லுங்கள். குமரேசனையும் கூட்டி வருகிறேன். எல்லாரையும் எழுதச் சொல்கிற உங்களிடமும் ஒரு நோட்டு இருக்குமே, அதை எடுத்து வாருங்கள். உங்கள் பதினோராம் பக்கத்தில் என்ன இருக்கிறது மேடம்? சத்தமாகப் படியுங்கள்.