மெத்தைக் கடைக்காரர் வாயை மூடிய நாள்

அப்பா படுத்துவிட்டார்.

வீட்டில் இல்லை. பள்ளிக்கூட விடுதியில். யாரோ ஒரு மாணவி காலையில் ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்துவிட்டுப் போன படுக்கையில்.

"சார், இது பொண்ணுங்களோட கட்டில்," என்றார் எங்களைச் சுற்றிக் காட்ட வந்த வார்டன்.

"கட்டில் நல்லாத்தான் இருக்கு. மெத்தைதான் செத்துப்போச்சு," என்றார் அப்பா, படுத்தபடியே. "நடுவுல எவ்வளவு பெரிய குழி பாருங்க! இதுல ரெண்டு வருஷம் படுத்தா என் பொண்ணு கேள்விக்குறி மாதிரி வளைஞ்சிடுவா."

வார்டன் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நான் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தேன்.

அப்பா மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கட்டிலைக் கண்டால் படுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சித்தப்பாவைப் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டிலில் படுத்துவிட்டார். நர்ஸ் வந்து அவருக்கு ஜுரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் அன்று படுத்தது வெறும் பழக்கம் இல்லை. சதி.

அது பெரிய பெயர் எடுத்த பள்ளி. சின்ன வகுப்பிலேயே சேர்த்துவிட்டால்தான் உண்டு. கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் சேருவது, பஸ் கிளம்பிய பிறகு ஓடிப்போய்த் தொற்றுகிற மாதிரி. யாராவது விலகினால் ஒரு இடம் காலியாகும். அந்த வருடம் ஒரே ஒரு இடம். எழுத்துத் தேர்வை நான் தாண்டிவிட்டேன். மிச்சம் நேர்காணல். வராந்தா நிறையப் பிள்ளைகள், பிள்ளைகளைவிட அதிகமாகப் பெற்றோர்.

எனக்கு அந்த இடம் வேண்டும். காரணம் ஆய்வுக்கூடம். என் பழைய பள்ளியிலும் ஆய்வுக்கூடம் இருந்தது. பூட்டும் இருந்தது. சாவிதான் இல்லை. அமிலத்தையும் காரத்தையும் கரும்பலகையில்தான் கலந்தோம். இங்கே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் தன் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பொசுக்கிக்கொள்ள ஆசையாக இருந்தது.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அப்பா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாதே. நம்ம கடைக்கு வர்ற வாத்தியார் ஒருத்தர் சொன்னார். இங்க பிள்ளையைவிட அப்பாவைத்தான் உத்துப் பார்ப்பாங்களாம். வாயாடி அப்பான்னா சீட்டு கிடையாதாம்."

"அதனால?"

"அதனால நான் பேசப்போறேன். பஞ்சுல ஆரம்பிச்சா ஸ்பிரிங்லதான் நிறுத்துவேன்."

"அப்பா! எனக்கு இங்க படிக்கணும்."

"நீ வந்துட்டா வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

என் வாயில் ரகசியம் தங்காது. நேரே குழாயடிக்குப் போனேன்.

"அம்மா, அப்பா சீட்டைக் கெடுக்கப் போறார்."

"எப்படி?"

"பேசி."

அம்மா பாட்டிலை நிதானமாக மூடினாள். "நீ உன் பதிலைப் பாரு. உங்கப்பாவை நான் பாத்துக்கறேன்."

"சண்டை போடாதேம்மா. எல்லாரும் இருக்காங்க."

"சண்டையா? கெஞ்சப் போறேன்டி."

பெஞ்சில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்னங்க, ஒரு உதவி."

அப்பா நிமிர்ந்தார். அம்மா உதவி கேட்பது கிரகணம் மாதிரி. எப்போதாவதுதான் வரும்.

"உள்ள போனதும் நீங்கதான் பேசணும். எனக்கு நாக்கு ஒட்டிக்கும். இப்ப வெளிய வந்த ஒரு பொண்ணோட அம்மா சொன்னாங்க, பிரின்சிபாலுக்குக் கலகலன்னு பேசற அப்பாங்களைத்தான் பிடிக்குமாம். உம்முன்னு இருந்தா அப்பவே கழிச்சுக் கட்டிடறாங்களாம்."

"அப்படியா சொன்னாங்க?"

"உங்க மெத்தையைப் பத்தியே பேசுங்களேன். தயவுசெஞ்சு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் அம்மாவை முறைத்தேன்.

வாத்தியார் பேச்சா, அம்மா பேச்சா, எதை நம்புவது என்று அவர் குழம்பவே இல்லை. அம்மா குடை எடுத்துப் போகச் சொன்னால் நனைந்து வருகிற மனுஷர் அவர். சொல்ல மறந்தால் குடையோடு போவார்.

உள்ளே போனோம். பிரின்சிபால் நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருந்தார். அதுவும் சப்பிப்போன தலையணை. ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. அப்பாவின் கண் அந்தத் தலையணையை விட்டு நகரவில்லை.

"கடைசி ரெண்டு வருஷத்துக்கு ஏம்மா இங்க வரணும்?"

பூட்டைச் சொன்னேன். சாவியைச் சொன்னேன். புருவத்தையும் சொல்லிவிட்டேன். பிரின்சிபால் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது.

"அம்மாடி! இந்த நாற்காலி என்னைக் கொன்னுடும்." அப்பா பக்கம் திரும்பினார். "சார் என்ன பண்றீங்க?"

"கடை."

"என்ன கடை?"

அப்பாவின் தொண்டையில் ஒரு முழு மெத்தையே ஏறி இறங்கியது. "சின்னக் கடை."

"படுத்தா எழுந்திருக்க முடியல சார். எதுல படுக்கறதுன்னே தெரியல."

கண் முன்னால் ஆள் மயங்கி விழும்போது டாக்டர் பேப்பர் படித்தால் எப்படி இருக்கும்? அப்படி உட்கார்ந்திருந்தார் அப்பா. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். காது சிவந்து, நெற்றி வேர்த்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பிரின்சிபால் பேனாவை வைத்தார். "காலையிலேர்ந்து இந்த ரூம்ல அப்பாங்க பேசித்தான் கேட்டேன். பிள்ளையைப் பேசவிட்ட அப்பா நீங்க ஒருத்தர்தான் சார். உங்க பொண்ணை எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க."

வாசல் தாண்டியதும் அப்பா வெடித்தார். "பேசினாத்தான் பிடிக்கும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். பேசியிருக்கலாமே," என்றாள் அம்மா.

சேருகிற நாளுக்கு முன்னால் அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: "கடையிலேர்ந்து மெத்தை கித்தை தூக்கிட்டு வராதீங்க. மானம் போயிடும்." வேன் கூரையில் மெத்தை வந்தது, கடையிலேயே உசத்தியானது. இந்த முறை வார்டன் படுத்துப் பார்த்தார்.

பள்ளியை முடித்துவிட்டேன். என் முதுகு நேராக இருக்கிறது. புருவம் இரண்டு தடவை போய் வந்தது. ஆனால் முதல் நாள் வாசலில் நிற்கும்போது, அத்தனையையும் விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடலாம் போலத்தான் இருந்தது. அப்பாவின் தாடை நடுங்க ஆரம்பித்திருந்தது. அவர் கண்ணில் ஒரு சொட்டு வந்தால் போதும், நான் வேனில் ஏறிவிடுவேன். அது அம்மாவுக்கும் தெரியும்.

"அழுங்க," என்றாள், வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "நல்லா வாய்விட்டு அழுங்க!"

அப்பா அழவில்லை.