உத்தரத்தைத் தோளில் தாங்கிய மத்தியானம்

ஜெகதளா,
2.11.2000

மதிப்பிற்குரிய மச்சான் பரமசிவன் அவர்களுக்கு, பாலசுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை. உங்கள் தங்கை உஷாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதுவரைக்கும் உண்மை.

நீங்கள் அனுப்பிவைத்த ஆறுக்குட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரிக்காரர்கள் பச்சை இலையைத் திருப்பி அனுப்புகிற காலத்தில், அரை ஏக்கர் தோட்டத்தை நம்பியிருந்த அவன் இப்போது கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிறான், உங்கள் கூரை ஒழுகலை அவனிடமே கொடுங்கள் என்று போனில் சொன்னீர்கள். கொடுத்தேன். முதல் நாள் கூரைத் தகரத்தையெல்லாம் கழற்றி வாசலில் அடுக்கினான். இரண்டாம் நாள் ஆளையே காணோம். மூன்றாம் நாள் வந்து அளந்து பார்த்து, தகரம் அரை அடி குறைகிறது என்றான். கழற்றும்போது குறையாதது மாட்டும்போது எப்படிக் குறையும் என்று கேட்டேன். குளிருக்குச் சுருங்கியிருக்கும் என்றான். ஐப்பசி மேகம் வீட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. உஷா குடை பிடித்துக்கொண்டு ரசம் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த சுவர் இடிக்கப்பட்டது. கடைசிச் செங்கல் விழுந்ததும் மேலே உத்தரம் முனகிக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கியது. பாதி பாரம் இரும்பு பீரோ மேல், மீதி என் தோள் மேல். ஆறுக்குட்டி முகம் வெளுத்து, முட்டுக் கொடுக்க மரம் கொண்டுவருகிறேன் என்று ஓடினான். போனவன் போனவன்தான். மழை பிடித்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, உஷா எனக்கு ஒரு வாய் காபி புகட்டி, அவனைத் தேடிப் போனாள். நான் தனியாக நின்றேன். பீரோ ஓர் அங்குலம் நகர்ந்தது. நான் நகர முடியாது. இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தால் என்னவாகும் என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

தோட்டத்தில், திரும்பி வந்த இலை மூட்டைகளுக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தானாம். "எனக்கு இலை பறிக்கத்தானுங்க அக்கா தெரியும். சார் அப்படி நிக்கறதப் பாக்கத் தைரியமில்லீங்க" என்றானாம்.

"அழுவறத அப்பறம் வெச்சுக்கலாம், மொதல்ல மரத்த வெட்டு" என்றிருக்கிறாள் உங்கள் தங்கை.

தோட்டத்துச் சில்வர் ஓக் ஒன்றை வெட்டி, மேஸ்திரி அழகர்சாமியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வந்து முட்டுக் கொடுப்பதற்குள் இரண்டு மணி நேரம். என் தோள் இன்னும் மேலே எழும்பவில்லை.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீங்களே நேரில் வந்து, இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும். பர்லியாரில் மண் சரிந்திருந்தால் கோத்தகிரி வழியாக வாருங்கள். உங்கள் குழந்தைகள் கிருத்திக், ஸ்வேதா இருவரும் தலைக்கு மேல் கூரையோடு நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
பாலசுப்பிரமணியம்

பின்குறிப்பு: அண்ணா, உஷா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சுப் பாத்தேன். எழுதுனதெல்லாம் நெசந்தானுங்க. சுவத்த இடிச்சது யாருன்னு மட்டும் எழுதாம உட்டுட்டாரு. "உத்தரம் இதும் மேலதான் நிக்குதுங்க சார், வேண்டாமுங்க"ன்னு ஆறுக்குட்டி மூணு தடவ சொன்னான். அருவங்காட்டுத் தொழிற்சாலைல முப்பது வருசம் வேல பாத்தவனுக்கே சொல்லித் தர்றயான்னு, ஹாலப் பெருசாக்கறதுக்குக் கடப்பாறையப் புடுங்கி இவரேதான் இடிச்சாரு. நீங்க வாங்க, ஆனா ஆறுக்குட்டிய அனுப்பீறாதீங்க. காலைல இருந்து இவரு சமையக்கட்டுச் சுவத்தத் தட்டித் தட்டிப் பாக்கறாரு. குறுக்க போயி நிக்கறது அவன் ஒருத்தன்தான்.