இந்த வார மார்க்

"தொண்ணூத்தஞ்சுக்குக் கம்மியா வேணாம் பாய். அதுக்கு மேல உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு ரைஸ் மில் இராமலிங்கம் கேசட்டைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

அட்டையில் அவர் படம்தான். நெற்றி நிறைய விபூதி, பட்டு ஜிப்பா, பின்னால் அண்ணாமலை. மலையைவிட இராமலிங்கம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தார்.

"நீங்களே பாடினதா?" என்று கேட்டார் அய்யூப் பாய்.

"பத்துப் பாட்டும். மெட்ராஸ் போயி எடுத்தோம். இந்த வெள்ளிக்கிழமை போர்டுல நம்ம கேசட்டுதான் வரணும்." வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் சொல்வதுபோல ஒன்றைச் சொன்னார். "மச்சான் வேற பாத்திரக் கடை வைக்க இடம் கேட்டு உயிரை எடுக்கிறான். நான்தான் பாய் இருக்காரேன்னு சமாளிச்சிக்கினு இருக்கேன்."

பாயின் ரெக்கார்டிங் சென்டர் இருந்த கட்டடம் இராமலிங்கத்துடையது.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? வேண்டிய பாட்டையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்குப் போனாலும் அதையேதான் சொல்வார்கள். கடைசியில் கைக்கு வரும்போது ஒரு பாட்டு பாதியில் அறுந்திருக்கும். அந்தப் பாட்டை இன்றைக்கு எங்கே கேட்டாலும் அதே இடத்தில் மனசு தானாக நின்றுவிடுகிறது. அதெல்லாம் ஒரு காலம், வேறென்ன சொல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை தேரடித் தெருவில் அய்யூப் பாய் கடைதான் பேர் போனது. பேர் வாங்கிக் கொடுத்தது பாட்டுகூட இல்லை, வாசலில் தொங்கிய கரும்பலகை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் பாய் பலகையை ஈரத்துணியால் துடைப்பார். புதிதாக வந்த ரிகார்டு ஒன்றின் பெயரை மேலே சின்னதாக எழுதுவார். கீழே, நூற்றுக்கு எத்தனை மார்க் என்று பெரிதாக எழுதுவார்.

அந்த மார்க்கில் அவர் யாருக்கும் தயவு பார்த்ததில்லை. மனைவி ஹபீபுன்னிசாவின் தம்பி பேண்டு வாத்தியம் வாசித்துப் போட்ட கேசட்டுக்கு முப்பத்து நான்கு போட்டார். அந்தத் தம்பி அப்புறம் பெருநாளைக்குக்கூட வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

மார்க் பார்க்க அப்படி ஒரு கூட்டம் சேரும். கூட்டத்தை நம்பி வேர்க்கடலை வண்டி வரும், பூக்காரி திரௌபதி வருவாள், லாட்டரிச் சீட்டு விற்கும் காசி சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்துவான். "நம்ம ஞானத்துல இவனுங்க பொழைக்கிறானுங்க" என்று பாய் பெருமையாகச் சலித்துக்கொள்வார்.

கூட்டத்தில் அவருக்கு மிகவும் பிடித்த ரசிகர் மண்ணாங்கட்டி. கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை பயிர் வைக்கிறவர். வாரம் தவறாமல் பஸ் பிடித்து வருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகை முன் நின்று கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுப் போவார். ஒரு கேசட் வாங்கியதில்லை. ஆழ்ந்த ரசனை உள்ளவர்கள் அப்படித்தான் என்று பாய் நினைத்துக்கொண்டார்.

ஒரு தரம் ஒரு படுமோசமான ரிகார்டுக்கு ஏழு மார்க் போட்டபோது மண்ணாங்கட்டிதான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "பாய், ஏழுக்கு முன்னாடி ஒரு சைபர் போட்டுக்கலாங்களா?"

எவ்வளவு நுணுக்கமான மனுஷன் என்று பாய் அன்றைக்கு அசந்துபோனார்.

இராமலிங்கத்தின் கேசட்டை இரண்டு பக்கமும் கேட்டு முடித்தபோது பாய்க்கு வியர்த்திருந்தது. டீ கொண்டுவந்த ஹபீபுன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"பாட்டு இது."

"எவ்ளோ போடப் போறீங்க?"

"நியாயமா இருபத்தெட்டு. அதுவும் தபேலா வாசிச்சவனுக்கு."

"இருபத்தெட்டு போட்டா கடை போயிடும். தொண்ணூத்தஞ்சு போட்டா?"

"என் பேரு போயிடும்."

ஹபீபுன்னிசா டீயை வைத்தாள். "என் தம்பிக்கு அப்பவே நாப்பதாவது போட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். கேசட்டின் பெயரை எழுதிவிட்டு, மார்க் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டார். கூட்டம் கலையவில்லை. பெருகியது. பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சத்தம் போட்டார்.

பாய் இன்னொரு வழி கண்டுபிடித்தார். 'பக்திப் பெருக்கு, கேட்கக் கேட்கத் தெவிட்டாது' என்று எழுதினார். பொய்தான், ஆனால் மார்க் இல்லாத பொய்.

"எழுத்தெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க," என்றார் மண்ணாங்கட்டி, அழாத குறையாக. "நம்பரு போடுங்க பாய். அம்மாந் தூரத்துலேர்ந்து வந்திருக்கேன்."

பின்னாலிருந்து தள்ளினார்கள். கண்ணாடிப் பெட்டியில் விரிசல் விட்டது. தெருக்கோடியில் இராமலிங்கத்தின் அம்பாசிடர் திரும்புவது தெரிந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். 95.

கூட்டம் சட்டென்று அடங்கிக் காசியின் பக்கம் நகர்ந்தது. இராமலிங்கம் காரைவிட்டு இறங்கி, பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"உங்களை நம்பிதானே பாய் இருந்தோம்," என்றாள் திரௌபதி. "தொண்ணூத்தஞ்சுன்னு போட்டு மோசம் பண்ணிட்டீங்களே."

மண்ணாங்கட்டி பலகையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தப் பார்வை பாயை அறுத்துவிட்டது. ஊரே கேட்டிருக்கிறது, ஊருக்கே பொய் தெரிந்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆனால் மறுநாள் இராமலிங்கம் வந்து வேறு கதை சொன்னார்.

"ஒரு கேசட்டுகூடப் போகலியே பாய். தொண்ணூத்தஞ்சு பத்தல. வர்ற வெள்ளிக்கிழமை நூறு போட்டுடுங்க."

"நூறு யாருக்கும் போட்டதில்லைங்க."

"அதான் சொல்றேன். எனக்குப் போட்டா பேசுவாங்க இல்ல?" வெளியே நின்றிருந்த மச்சானைக் காட்டினார். "இவன் சுவத்தை அளக்க வந்திருக்கான். நான் வேலூர் போயிட்டு ஞாயித்துக்கிழமை வரேன். யோசிங்க."

பாய் யோசித்தார். மண்ணாங்கட்டியின் முகம்தான் கண்முன் வந்து நின்றது. கடை போனால் தள்ளுவண்டியில்கூட கேசட் விற்கலாம். அந்த மனுஷர் இனி வராமல் போனால் யாருக்காகப் பலகை எழுதுவது? வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, பலகையைத் துடைத்து எழுதினார். அதே கேசட்டின் பெயர், பக்கத்தில் 'மறு மதிப்பீடு', கீழே 28.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மண்ணாங்கட்டி வந்திருந்தார். கண்ணை மூடி முணுமுணுத்தார். பாய்க்கு அதுவே போதுமாக இருந்தது. அன்றைக்குக் கடையில் நல்ல பழைய பாட்டாகப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இராமலிங்கம் பூட்டோடு வந்தார். மச்சான் அளவு நாடாவோடு வந்தான்.

"இருபத்தெட்டா? பரீட்சையில ஃபெயிலுங்க அது," என்றார் இராமலிங்கம். குரல் உடைந்திருந்தது. "பேரப் பசங்க சிரிக்கிறாங்க பாய். சாமானை எடுத்து வெளிய வைங்க."

"வைக்கிறேங்க," என்றார் பாய். "மார்க்கை மட்டும் அழிக்க மாட்டேன்."

ஹபீபுன்னிசா உள்ளே கேசட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். தம்பியின் பேண்டு கேசட்டை முதலில் எடுத்து வைத்தாள்.

அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஒரு பெருங்கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் மண்ணாங்கட்டி, கையில் ஆளுயர மாலை. "இருபத்தெட்டு, இருபத்தெட்டு" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தன. திரௌபதி எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தாள்.

மண்ணாங்கட்டி மாலையைத் தூக்கிப் பாயின் கழுத்துக்குக் கொண்டுபோனார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு ஊர் இப்படி மரியாதை செய்யுமா? ஆனால் பக்கத்தில் பூட்டோடு நிற்கும் மனிதரையும் பார்த்தார். பாவமாக இருந்தது.

"எனக்கு எதுக்குப்பா," என்று மாலையை வாங்கி இராமலிங்கத்தின் கழுத்தில் போட்டார். "பாடினவரு இவரு. இருபத்தெட்டு இவரோடது."

"இவருதா?" என்றது கூட்டம். அவ்வளவுதான். நாலு பேர் காலில் விழுந்தார்கள். திரௌபதி அவர் வாயில் லட்டைத் திணித்தாள்.

"அடுத்த கேசட்டு எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டார்கள். "சீக்கிரமாப் போடுங்க ஐயா."

இராமலிங்கம் லட்டை விழுங்க முடியாமல் நின்றார். "இருபத்தெட்டு வாங்கினவனையே ஜனங்க இப்படிக் கொண்டாடுறாங்க," என்றார். "மார்க்குல என்ன பாய் இருக்கு." பூட்டை ஜிப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மச்சானைப் போளூர் ரோட்டில் இடம் பார்க்கச் சொல்லிவிட்டு, கூட்டத்தோடு வீடுவரை நடந்தே போனார்.

"பாத்தியா," என்றார் பாய் மனைவியிடம். "ஊருக்குக் காது இருக்குது. நான் சொல்லல?"

ஹபீபுன்னிசா கேசட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். எல்லோரும் போன பிறகும் மண்ணாங்கட்டி மட்டும் வாசலில் தயங்கி நின்றார். மடியிலிருந்து நாலாக மடித்த லாட்டரிச் சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடைசி ரெண்டு நம்பரும் நீங்க போர்டுல போட்டதேதான் பாய். உங்களைப் பாத்துதான் ஊரே காசிகிட்ட சீட்டு வாங்குது. ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமையில கடைக்குள்ள என்னமோ பாட்டுப் போட்டுக்கினே இருக்கீங்களே, அதைக் கொஞ்சம் நிறுத்திட்டீங்கன்னா நம்பரு மனசுல நல்லா நிக்கும்."