ஜக்கையனின் இரும்புக் களிறு உறுமாது கிடந்த படலம்

போற்றுவோம், போற்றுவோம்! போடிமெட்டு மலை மேகத் தலைப்பாகை சூடி மேற்கே காவல் நிற்க, அதன் அடிவாரத்து ராசிங்காபுரத்தில் மூன்று குறுக்கம் என்னும் மூன்று ஏக்கர் செம்மண்ணைத் தனிக்குடைக்கீழ் ஆண்ட தலைவனை, ஸ்பானர் ஏந்திய செங்கையானை, கிரீஸ் மணக்கும் மார்பினனை, எவர் சொல்லும் ஏறாத இருசெவியானை, ஜக்கையனைப் போற்றுவோம்! அவன் ஏறிச் செலுத்திய களிற்றையும் போற்றுவோம். முன்னிரு சிறுசக்கரமும் பின்னிரு பெருஞ்சக்கரமும் பூண்டு, பிறவிச் செந்நிறம் உதிர்ந்தபின் துருநிறமே திருநிறமாய்த் தரித்து, உறுமினால் ஊரை எழுப்பி, இருமினால் கார்முகில்போல் கரும்புகை பரப்பிய இரும்புக் களிறு அது. ஊரார் அதைப் பழைய டிராக்டர் என்பார்கள்.

அக்களிறு நின்ற வாசலோரத்து மண்மீது வேறொரு பேரரசியும் கண் வைத்திருந்தாள். அவள் ஜக்கையனின் இல்லாள் வேலுத்தாய். விடியலில் ஜீப்பேறி மலைக்குப் போய், நாளெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்தில் குனிந்து பழம் எடுத்து, அந்தியில் இறங்கிவந்து, நாலு குச்சி நட்டுப் பழஞ்சேலை சுற்றிய மறைப்புக்குள் காற்றோடு மல்லுக்கட்டிக் குளிப்பவள். ஒருகையில் சேலையையும் மறுகையில் செம்பையும் பிடித்துக் குளித்துப் பார்த்தவர்களுக்கே அந்த வலி தெரியும். களிறு நிற்கும் இடத்தில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள குளியலறை ஒன்று கட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

சில நாட்களாய்க் களிறு விடியலில் கண்திறக்க மறுத்துவந்தது. முந்தைய மாலையோ நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். வாய்ப்பறிந்த வேலுத்தாய் போர்முரசு அறைந்தாள்.

“இந்தா பாரு, தோட்டத்து ஜீப்பு கெளம்புறதுக்குள்ள இது கத்தணும். கத்தலேன்னா இரும்புக்காரரு இழுத்துட்டுப் போகட்டும். பெறகு எங்கிட்ட ஒரு பேச்சுப் பேசக் கூடாது.”

“கத்தாட்டி நானே கயித்தக் கட்டிவிடுறேன்டி! ஊரு சாட்சி!” என்று வாசல் அதிரச் சூளுரைத்தான் ஜக்கையன். சூளுரைத்த பிறகுதான் களிற்றைத் திரும்பிப் பார்த்தான்.

இனி, அவ்விருவரும் அறியாத இரகசியம் ஒன்றைச் செவிமடுப்பீராக. எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழ் என்றோ ஒடிந்துபோக, பிறர் கைத்தொழிலுக்குத் தலைவணங்காத நம் தலைவன், வேலிக்கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கியாக்கி, ஸ்டீயரிங்கின் கீழே தொங்கவிட்டிருந்தான். கொக்கியை இழுத்தால் டீசல் அடைபட்டு எஞ்சின் அடங்கும். விட்டால் கொக்கி தானே மேலேறிக்கொள்ளும். வேலுத்தாயோ, ஜீப்பு வரும்வரை தன் சோற்றுக்கூடையைத் தெருநாய்க்கு எட்டாமல் வாசல் முருங்கைக் கிளையில் மாட்டுபவள். அந்தக் கிளை போன வாரக் காற்றில் ஒடிந்து விழுந்தது. அன்றுமுதல் சோற்றுத் தூக்குச்சட்டியும் தண்ணீர்ப் பாட்டிலும் கனக்கும் அவளுடைய வயர்க்கூடை களிற்றின் கொக்கியில் தொங்கியது. ஜீப்பு போனபின் ஒருமுறை முயன்றிருந்தால் உண்மை விளங்கியிருக்கும். ஆனால் தோற்ற வீரன் களத்தில் நிற்பதில்லை, டீக்கடையில் போய் நிற்பான்.

அன்று தொடங்கியது பெரும்போர். சாவியைத் திருகினான், களிறு பெருமூச்செறிந்தது. மீண்டும் திருகினான்; முக்கியது, முனகியது. மேலும் மேலும் திருகத் திருக, புதுப்பெண்போல் பொலிந்த பேட்டரி பத்தியம் கிடந்தவள்போல் மெலிந்து, ‘டிக்’ என்னும் ஒரே சொல்லோடு மௌனவிரதம் பூண்டது. அடுத்த தெரு மெக்கானிக் அருள்பாண்டி, லுங்கியை மடித்துக் கட்டி, பல்குச்சியை வாயினின்று எடுக்காமலே களம் புகுந்தார். பில்டரைக் கழற்றி ஊதினார். குழாயைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். கொக்கியையும் பார்த்தார், கூடையையும் பார்த்தார். கூடையிலிருந்து எழுந்த கருவாட்டுக் குழம்பின் மணம் மூக்கில் ஏற, சிந்தை கலங்கி மறுபக்கம் போய்விட்டார்.

“அண்ணே, டீசலு பீச்சுற நாசிலு போச்சு. பம்பும் போச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்கு” என்று தீர்ப்புரைத்தார்.

மற்றதெல்லாம் எவை என்று ஜக்கையன் கேட்கவில்லை.

இறுதிப் படையெடுப்பாய்த் தள்ளுபடை திரண்டது. ஜீப்புக்குக் காத்திருந்த தோட்டத்துப் பெண்டிர், மொக்கம்மாள் தலைமையில், முந்தானையை இடுப்பில் செருகி, களிற்றின் பின்புறம் கைவைத்தனர். “தள்ளுங்கடி, வெரசா! பிள்ளப் பேத்துக்கு முக்குறாப்பல முக்குங்கடி!” என்று மொக்கம்மாள் முழங்க, தெரு குலுங்க, கோழி சிதற, சக்கரம் சேற்றை வாரி இறைக்க, கூடை கொக்கியில் ஊஞ்சலாட, சரிவில் பாதித் தொலைவு உருண்ட களிறு ஒரு தும்மலும் தும்மாமல் நின்றது. பந்தயத்தில் நேர்மை தவறாதவள் என்பதால் வேலுத்தாயும் சேர்ந்து தள்ளினாள். ஆனால் முழுப்பலத்தோடு தள்ளவில்லை.

அப்போது ஊழிச்சங்குபோல் ஜீப்பின் ஹாரன் ஒலித்தது. கூடவே, குட்டியானை என்று உலகம் அழைக்கும் சின்ன லோடு வண்டியில், சங்கிலியைப் பாசக்கயிறெனச் சுழற்றி, வேலுத்தாய் சொல்லியனுப்பியிருந்த இரும்புக்கடை உக்கிரபாண்டியும் எமனென வந்திறங்கினார். வேலுத்தாய் எட்டிக் கொக்கியிலிருந்த கூடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் ஜீப்பேறினாள். குளியலறைக் கதவின் நிறம் பச்சையா நீலமா என்று மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலி பூட்டப்பட்டது. “அப்பு, ஸ்டீயரிங்க மட்டும் நேராப் புடி. கடைக்கு ஓட்டிட்டுப் போயிருவோம்” என்றார் உக்கிரபாண்டி. ஜக்கையன் கண்கலங்க, கடைசி முறையாக ஏறி அமர்ந்தான். குட்டியானை பெருங்களிற்றை இழுத்தது. அவன் கால் பழக்கதோஷத்தில் கிளட்சை மிதித்தது, கை கியரைப் போட்டது, கால் கிளட்சை விட்டது.

அவ்வளவுதான்! குமுறியது களிறு! கொதித்தெழுந்து, கரும்புகை கக்கி, காது செவிடுபட உறுமி, தன்னை இழுக்க வந்த குட்டியானையைப் பின்னாலிருந்து நெம்பித் துரத்த, “பிரேக்கப் புடிய்யா, பிரேக்கு!” என்று எமன் அலறினார்.

“ஜீப்பு இன்னும் கெளம்பல! பாத்துக்க வேலுத்தாயி, ஜீப்பு கெளம்பல!” என்று எட்டுத்திக்கும் எட்ட அறைகூவினான் ஜக்கையன். ஜீப்பே சிரித்தது. வேலுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த கூடையை இறுகக் கட்டிக்கொண்டு, அழாமலிருக்க மலையைப் பார்த்தாள்.

வெற்றி வேந்தன் உழுதான், பொழுது சாயும்வரை உழுதான். டீக்கடையில் தன் விரல்நுனி ஞானத்தைப் பற்றி நெடும்பேருரை நிகழ்த்தினான். நாசிலைத் தான் பார்வையாலேயே சரிசெய்ததாக அருள்பாண்டியும் சான்றுரைத்தார். இரவில் களிற்றுக்குக் கற்பூரம் காட்டி, நெற்றியில் சந்தனமிட்டு, இக்குலம் உள்ளளவும் இதனை எவரும் அசைக்கவொண்ணாது என்று விண்ணும் மண்ணும் அறிய மறுபடியும் சூளுரைத்து, மாமன்னன் துயில் கொண்டான்.

மறுநாள் காலையில் வேலுத்தாய் கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஜீப்புக்குக் காத்திருந்தாள், டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை.